பிழைச் செய்தி வராத பிழை

2020 அக்டோபர் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு விஷயம் வெளியே வந்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, கொரோனா தொற்று உறுதியான 15,841 பேர் நாட்டின் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டிருந்தார்கள். பரிசோதனைக் கூடங்கள் தம் வேலையைச் செய்திருந்தன. முடிவுகள் அந்தந்த நபர்களுக்குப் போய்ச் சேர்ந்தும் விட்டன. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய குழுவுக்கு அந்தப் பெயர்கள் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. காரணம், நடுவில் இருந்த ஒரு கோப்பு. ஆய்வகங்கள் அனுப்பிய சாதாரண உரைக் கோப்புகளைப் பொதுச் சுகாதார அமைப்பு எக்செல்லின் பழைய வடிவத்தில் ஏற்றித்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் இடம். ஒரு நோயாளியின் விவரம் ஒரே வரியில் அடங்காது, பல வரிகள் பிடிக்கும். தொற்று ஏற ஏறத் தாள் நிரம்பியது. அதற்கு மேல் வந்தவை விழுந்துபோயின.

அந்த நாள்களில் எந்த இயந்திரமும் நின்றுபோகவில்லை. தினமும் ஓர் எண் வந்தது, அதை வைத்து வரைபடம் வரைந்தார்கள், செய்தியில் வாசித்தார்கள். எண் குறைவு என்பது மட்டும்தான் குறை. 65,536 என்பது இரண்டின் பதினாறாம் அடுக்கு. வரி எண்ணைக் குறித்துக்கொள்ள அந்த வடிவம் பதினாறு பிட் ஒதுக்கியிருந்தது. 2007-ஆம் ஆண்டு பதிப்போடு வந்த புதிய வடிவம் இருபது பிட் ஒதுக்கியது, அதில் 10,48,576 வரிகள் பிடிக்கும். பதிமூன்று ஆண்டுகளுக்கு முன்பே மாற்று வந்துவிட்ட ஒரு கோப்பு வடிவம், ஒரு நாட்டின் தொற்றுநோய்க் கணக்கின் நடுவே யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தது.

நிறுவனங்களின் தரவுத்தளத்திலிருந்து அறிக்கை எடுத்துத் தரும் அமைப்புகளை நிர்வகிப்பவர்கள் இந்தச் செய்தியைப் படித்தபோது, 'இது நம் இடத்திலும் நடக்கும்' என்றுதான் நினைத்திருப்பார்கள். சர்வர் படுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் நாலு போன் வந்துவிடும். எரிச்சலான வேலைதான், ஆனால் எளிய வேலை. என்ன கெட்டது என்று தெரியும், சரியானதும் தெரியும். அமைப்பு நன்றாக ஓடிக்கொண்டே தப்பான எண்ணைத் தரும்போது யாரும் போன் செய்ய மாட்டார்கள். அந்த எண்ணை நம்பிக் கொள்முதல் நடக்கும், இலக்கு நிர்ணயிக்கப்படும், ஊக்கத்தொகை போகும், வரியும் கட்டப்படும். சத்தமில்லாத அந்தப் பிழைக்கு வாய் கொடுப்பதுதான் இந்த நிர்வாகப் பணியின் மையம் என்பது என் உறுதியான கருத்து. மற்ற வேலைகளெல்லாம், பேக்கப் எடுப்பதிலிருந்து பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பது வரை, அதைச் சுற்றி அமைந்தவை.

வணிகத்துக்குக் கணிப்பொறி வந்ததே அறிக்கைக்காகத்தான். லண்டனில் ஜே. லயன்ஸ் என்ற நிறுவனம் தேநீர்க் கடைகளும் பேக்கரிகளும் நடத்திவந்தது. அவர்கள் தங்கள் அலுவலக வேலைக்காகவே லியோ என்ற கணிப்பொறியைக் கட்டினார்கள். 1951 நவம்பரில் அது செய்யத் தொடங்கிய முதல் அலுவலக வேலை, பேக்கரிகளில் உற்பத்தியான ரொட்டி, கேக் வகைகளின் மதிப்பைக் கணக்கிடுவது. அன்று அந்தக் கணக்குக்கென்றே ஒரு நிரல் எழுத வேண்டியிருந்தது. வேறு கேள்வி கேட்க வேண்டுமென்றால் வேறு நிரல். தரவு எந்த வரிசையில், எந்தக் கிளையின் கீழ் அடுக்கப்பட்டிருக்கிறது என்று நிரலருக்குத் தெரிந்திருந்தால்தான் எடுக்க முடியும்.

இதை மாற்றியவர் எட்கர் காட். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர். எல்லாத் தரவையும் எளிய அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம், எது வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், எப்படி எடுப்பது என்பதைக் கணிப்பொறியே பார்த்துக்கொள்ளட்டும் என்று 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1974-இல் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இந்தக் கருத்துக்கு ஒரு மொழி வடிவம் கொடுத்தார்கள். இன்று எஸ்.க்யூ.எல். என்று உலகம் முழுவதும் பேசப்படுவது அதன் வழிவந்ததுதான். நிரல் எழுதத் தெரியாதவர்கூட நாலு வரியில் ஒரு குவெரி எழுதிக் கோடிக்கணக்கான பில்களிடம் கேள்வி கேட்கலாம் என்ற நிலை வந்தது. பெரிய விடுதலை அது. கூடவே ஒரு புது ஆபத்தும் வந்தது. தப்பான கேள்விக்கும் தரவுத்தளம் தயங்காமல் பதில் சொல்லும்.

ஒரு மொத்த வியாபாரக் கடையை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டவணையில் பில்கள் இருக்கின்றன: பில் எண், தேதி, வாடிக்கையாளர், மொத்தத் தொகை. இன்னொன்றில் அந்தந்தப் பில்லில் போன சரக்குகள், சரக்குக்கு ஒரு வரி. மூன்றாவதில் வரவுகள்: எந்தப் பில்லுக்கு என்றைக்கு எவ்வளவு பணம் வந்தது. ஒரு பில்லின் தொகை 50,000 ரூபாய். அதில் மூன்று சரக்குகள். வாடிக்கையாளர் இரண்டு தவணையாகப் பணம் கட்டினார். இப்போது யாரோ ஒருவர் விற்பனை, சரக்கு, வசூல் மூன்றும் ஒரே அறிக்கையில் வேண்டும் என்று கேட்கிறார். பில் எண்ணை வைத்து மூன்று அட்டவணைகளையும் இணைத்தால் என்ன ஆகும்? மூன்று சரக்கு வரிகளில் ஒவ்வொன்றும் இரண்டு வரவு வரிகளோடும் சேரும். மொத்தம் ஆறு வரிகள். ஆறிலும் பில் தொகை 50,000 என்றே இருக்கும். விற்பனையைக் கூட்டினால் 3 லட்சம்.

ஒரே சரக்கு, ஒரே வரவு உள்ள பில்களில் இதே குவெரி கச்சிதமாகச் சரியான விடை தரும். சோதித்துப் பார்த்தவர் அப்படிப்பட்ட பில்லை எடுத்திருந்தால் தப்பு பிடிபடாது. பிடிபட்டாலும், அவசரத்தில் பலர் செய்கிற வைத்தியம், திரும்ப வரும் தொகையை ஒருமுறை மட்டும் எடுத்துக்கொள் என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது. அப்போது இரண்டு வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு ஒரே தொகையில் போட்ட இரண்டு பில்கள் ஒன்றாகிவிடும். வீங்கியிருந்த எண் இப்போது இளைத்துவிடும். முறையான தீர்வு, சரக்குகளைத் தனியாகவும் வரவுகளைத் தனியாகவும் பில்லுக்கு ஒரு வரியாகக் கூட்டி முடித்துவிட்டுப் பிறகு இணைப்பது. அறிக்கை எழுதும் ஒவ்வொருவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'இந்த அட்டவணையில் ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது' என்பதுதான். இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாதவர் எழுதிய அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

இதைவிட நுட்பமான ஒன்று, காலியான கட்டம். விடை தெரியாத இடத்தைக் குறிக்க எஸ்.க்யூ.எல்.லில் தனிக்குறி உண்டு. அது பூஜ்யமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல, 'தெரியாது' என்று பொருள். போன மாதம் எதுவும் வாங்காத வாடிக்கையாளர்களின் பட்டியல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர்களின் எண்களை எடுத்து, அந்தப் பட்டியலில் இல்லாதவர்களைக் கொடு என்று கேட்கிறோம். கவுன்டரில் பெயர் எழுதாமல் போட்ட ஒரு பில் இருந்து, அதில் வாடிக்கையாளர் எண் காலியாக இருந்தால் போதும், அறிக்கை ஒரு வரிகூட இல்லாமல் வரும். 'இவர் அந்தத் தெரியாதவர் அல்ல' என்று தரவுத்தளத்தால் யாரைப் பற்றியும் உறுதி சொல்ல முடியாததால் எல்லோரையும் விட்டுவிடுகிறது. அதன் தர்க்கம் பிசகாதது. அறிக்கையைப் பார்க்கும் விற்பனை மேலாளரோ, எல்லோரும் வாங்கிவிட்டார்கள் போல என்று மகிழ்ந்துபோவார்.

கேள்வி சரியாக இருந்தாலும் நேரம் தப்பாகலாம். மதுரைக் கிடங்கில் 1,000 மூட்டை, கோவைக் கிடங்கில் 600. மொத்தம் 1,600. ஸ்டாக் அறிக்கை ஓடத் தொடங்கிக் கோவையைப் படித்து 600 என்று குறித்துக்கொள்கிறது. அந்த நொடியில் மதுரையிலிருந்து கோவைக்கு 400 மூட்டை மாற்றப்பட்டதாக ஒரு பதிவு விழுகிறது. பிறகு அறிக்கை மதுரையைப் படிக்கிறது, அங்கே 600. கூட்டினால் 1,200. நானூறு மூட்டை எந்தக் கிடங்கிலிருந்தும் காணாமல் போகவில்லை, அறிக்கையில் மட்டும் இல்லை. மறுபடி ஓட்டினால் 1,600 என்று சரியாக வரும். 'இப்ப சரியா வருதே சார்' என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

இதைத் தடுக்கத் தரவுத்தளங்களில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பூட்டு: அறிக்கை படித்து முடிக்கும்வரை அந்த வரிகளை யாரும் மாற்றக் கூடாது. எண் சரியாக இருக்கும், ஆனால் பில்லிங் கவுன்டரில் வரிசை நீளும். இன்னொன்று பதிப்புகள்: ஒரு வரியை மாற்றும்போது பழைய பதிப்பையும் கொஞ்ச நேரம் வைத்திருப்பது. அறிக்கை தொடங்கிய கணத்தில் எது இருந்ததோ அதையே கடைசிவரை அது பார்த்துக்கொண்டிருக்கும், கவுன்டரும் நிற்காது. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் போன்றவை இந்த இரண்டாம் வழியில் இயங்குகின்றன. அங்கும் அறிக்கை பல குவெரிகளால் ஆனதென்றால், அவை எல்லாமே ஒரே கணத்தைப் பார்க்கும்படி நிர்வாகி அமைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு குவெரியும் அதனதன் கணத்தைப் பார்க்கும். எஸ்.க்யூ.எல். சர்வரில் வழக்கமான அமைப்பு பூட்டுதான். அங்கே அறிக்கைகள் காத்துக் கிடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், பூட்டைக் கண்டுகொள்ளாதே என்று பொருள்படும் 'நோலாக்' என்ற சொல்லைக் குவெரிகளில் தாராளமாகத் தெளிக்கும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. வேகம் வரும். ஆனால் இன்னும் உறுதியாகாத, அடுத்த நொடி ரத்தாகப் போகிற பதிவுகளையும் அறிக்கை எடுத்துக்கொள்ளும். சில வரிகளை இருமுறை படிக்கும், சிலவற்றைத் தாண்டிப் போகும். நிதி அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் எடுத்துவிட வேண்டும், இதில் சமரசமே கூடாது.

பெரிய நிறுவனங்களில் பில்லிங்கும் அறிக்கையும் ஒரே தரவுத்தளத்தில் இருப்பதில்லை. இதற்கு, அறிக்கையும் கவுன்டரும் இப்படி மோதிக்கொள்வது தவிர இன்னொரு காரணமும் உண்டு, அது வட்டில் தரவு படுத்திருக்கும் விதம். பில் போடும் தரவுத்தளம் ஒரு வரியின் எல்லா விவரங்களையும் அடுத்தடுத்து வைக்கும், ஏனென்றால் கவுன்டருக்கு ஒரு பில் முழுதாக வேண்டும். அறிக்கைக்கு வேண்டியது கோடி வரிகளில் ஒரே ஒரு கட்டம். ஒரு வரி 200 பைட் என்றால், ஒரு கோடி வரிகளின் தொகையைக் கூட்ட 2 ஜி.பி. படிக்க வேண்டும். தொகைக் கட்டத்தை மட்டும் தனியாக அடுக்கி வைத்திருந்தால், கட்டத்துக்கு எட்டு பைட் வீதம் 80 எம்.பி. படித்தால் போதும். இந்த நெடுவரிசை அடுக்குமுறைதான் இன்றைய தரவுக் கிடங்குகளின் அடிப்படை. 1990-களில் பில் இன்மனும் ரால்ஃப் கிம்பலும் எழுதிய நூல்களின் வழியாகத் தரவுக் கிடங்கு என்ற ஏற்பாடு வணிக உலகில் வேரூன்றியது. இருவருக்கும் அதை எப்படிக் கட்டுவது என்பதில் நிறைய வேறுபாடு உண்டு. அறிக்கைக்கென்று தனி வீடு வேண்டும் என்பதில் இல்லை.

அந்தத் தனி வீட்டுக்குத் தரவு எப்படிப் போகிறது என்பதில் தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்தவர் சி. மோகன். ஐ.பி.எம். ஆய்வகத்தில் அவரும் சகாக்களும் உருவாக்கிய ஏரீஸ் என்ற முறையை 1992-இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார்கள். எந்த மாற்றத்தையும் தரவில் செய்வதற்கு முன் லாக் எனப்படும் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும் என்பது அதன் அடித்தளம். நடுவில் மின்சாரம் போய்த் தரவுத்தளம் விழுந்தாலும், அந்தப் பதிவேட்டைத் திரும்பப் படித்து, விட்டுப்போனதை மறுபடி செய்து, முடியாமல் நின்றதை ரத்து செய்துவிடலாம். தரவுத்தளங்கள் விழுந்து எழுவதைப் பற்றிப் படிக்கும் எல்லோரும் கடந்து வரும் கட்டுரை அது. இப்படிப்பட்ட ஒரு பதிவேட்டை இன்னொரு சர்வருக்கு அனுப்பி அங்கே வரிசையாக நிகழ்த்தினால், மூலத்தைத் தொந்தரவு செய்யாத ஒரு நகல் கிடைக்கும். இன்று பல நிறுவனங்களில் அறிக்கைகள் ஓடுவது அப்படிப்பட்ட நகலின் மீதுதான்.

நகல் என்றாலே பின்தங்கல் உண்டு. சில நொடிகள் இருக்கலாம், ராத்திரி ஒருமுறை ஏற்றும் கிடங்கு என்றால் பல மணி நேரம் இருக்கலாம். அதில் தவறில்லை, தெரிந்திருந்தால். ராத்திரி இரண்டு மணிக்கு ஓட வேண்டிய ஏற்றுவேலை பாதியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் டேஷ்போர்டு வழக்கம்போல் திறக்கும். எண்கள் இருக்கும். மேலே இன்றைய தேதியும் இருக்கும், ஏனென்றால் அந்தத் தேதி அறிக்கையைத் திறந்த நேரம். எண்ணோ முந்தாநாள் வரையிலானது. அதனால் ஒவ்வொரு அறிக்கையின் தலையிலும் இரண்டு நேரங்கள் அச்சாக வேண்டும்: எடுத்த நேரம் ஒன்று, தரவு எந்த நேரம் வரை சேர்ந்திருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது நேரம், ஏற்றப்பட்ட பதிவுகளில் இருப்பதிலேயே கடைசியானதிலிருந்து வர வேண்டும், நிரலில் கையால் எழுதியதாக இருக்கக் கூடாது. அரைமணி நேர வேலை இது. இதைவிட மலிவாகவும் இவ்வளவு பலனோடும் ஒரு சீர்திருத்தத்தை நான் அறியேன்.

நேரத்தைப் பற்றி இன்னொரு விஷயம். இணையச் சேவைகள் பலவற்றில் பதிவுகள் உலகப் பொது நேரத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். தேதியை மாற்றாமல் அப்படியே நாள்வாரியாகக் கூட்டினால், நம் நாள் அதிகாலை 5.30-க்குத்தான் தொடங்கும். நள்ளிரவு தாண்டி விழுந்த ஆர்டர்கள் எல்லாம் முந்தின நாள் கணக்கில் போகும். நாளுக்கு நாள் பார்த்தால் முன்பின் சரிக்கட்டிக்கொள்வதால் கண்ணில் படாது. ஏப்ரல் 1-ஆம் தேதி படும். புதிய நிதியாண்டின் முதல் ஐந்தரை மணி நேர விற்பனை போன ஆண்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கணக்குப் பிரிவின் எண்ணோடு பொருந்தாமல் ஆடிட்டர் கேள்வி கேட்கும்போதுதான் பலர் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

காலம் இடத்தையும் மாற்றும். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். அதே மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும், விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் பிரிந்தன. மாவட்டவாரியாக விற்பனை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் ஆம்பூர் வாடிக்கையாளரின் மாவட்டத்தை வேலூரிலிருந்து திருப்பத்தூருக்கு மாற்றுகிறார்கள். எப்படி மாற்றுவது? பழையதை அழித்துப் புதியதை எழுதினால், 2018-இல் நடந்த விற்பனையும் திருப்பத்தூர் விற்பனை ஆகிவிடும், அப்போது அப்படியொரு மாவட்டமே இல்லாதபோதும். அன்று அச்சடித்துக் கோப்பில் வைத்த அறிக்கையும் இன்று அதே மாதத்துக்கு எடுக்கும் அறிக்கையும் ஒத்துப்போகாது. பழைய வரியை வைத்துக்கொண்டு, இந்தத் தேதி வரை வேலூர், இந்தத் தேதியிலிருந்து திருப்பத்தூர் என்று இரண்டு வரியாக எழுதினால் வரலாறு காப்பாற்றப்படும். ஆனால் வேலூர் விற்பனை 2019 டிசம்பரில் சரிந்துவிட்டதுபோல் வரைபடம் காட்டும், அந்தப் பகுதி விற்பனை அதிகாரி பதில் சொல்ல முடியாமல் திணறுவார். இரண்டு வழியும் சரிதான், கேள்வியைப் பொறுத்தது. கிம்பல் தம் நூலில் இத்தகைய மாற்றங்களை வகைப்படுத்தி எண்ணிட்டிருக்கிறார், கிடங்கு கட்டுபவர்கள் இன்றும் அந்த எண்களைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள். எந்த வழி என்று முடிவெடுக்காமல் விடுவதுதான் தப்பு. அப்போது முதலில் நிரல் எழுதிய ஒருவருடைய வசதி, நிறுவனத்தின் கொள்கையாகிவிடுகிறது.

இது நம்மை நிர்வாகத்தின் மிகக் கடினமான பகுதிக்குக் கொண்டுவருகிறது. மாதாந்திரக் கூட்டத்தில் விற்பனைப் பிரிவு ஓர் எண்ணோடு வருகிறது, கணக்குப் பிரிவு வேறொன்றோடு வருகிறது.

'போன மாசம் நாலு கோடியே இருபது லட்சம் சார்.'

'எங்க கணக்குல மூணு எண்பதுதான் வருது சார்.'

முதலாளி சிஸ்டம் ஆளைப் பார்ப்பார். 'ஏம்பா, எதுதான் சரி?'

இரண்டும் சரியாக இருக்கலாம். விற்பனைப் பிரிவு ஆர்டர் கிடைத்த நாளை வைத்து எண்ணும், கணக்குப் பிரிவு இன்வாய்ஸ் தேதியை வைத்து எண்ணும். ஒன்றில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கும், மற்றதில் இருக்காது. ஒன்று திரும்பி வந்த சரக்கைக் கழித்திருக்கும், மற்றது கழித்திருக்காது. சிஸ்டம் ஆளால் இதைத் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. 'நிகர விற்பனை' என்றால் என்ன என்பதை நிறுவனம் ஒருமுறை உட்கார்ந்து எழுத வேண்டும், அதற்குப் பொறுப்பான ஒருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். பிறகு அந்த வரையறையை ஒரே ஓர் இடத்தில், எல்லா அறிக்கைகளும் வந்து எடுத்துக்கொள்ளும் ஓர் இடத்தில், நிரலாக வைக்க வேண்டும். ஒவ்வொரு அறிக்கையிலும் தனித்தனியாக அதே சூத்திரத்தை நகலெடுத்து ஒட்டினால், ஒருநாள் ஒன்றை மாற்றி மற்றதை மறந்துவிடுவார்கள். சர்வருக்கும் மென்பொருளுக்கும் தாராளமாகச் செலவழிக்கும் நிறுவனங்கள் இந்தக் கூட்டத்தைப் போட மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சரி, இத்தனை சத்தமில்லாத பிழைகளையும் பேச வைப்பது எப்படி? புதிதாக எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பேரேடு எழுதிய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான்: ஒரே தொகையை இரண்டு வழியில் கூட்டிப் பார், ஒத்துவர வேண்டும். மூலத் தரவுத்தளத்தில் நேற்று எத்தனை பில், மொத்தம் எவ்வளவு என்று ஓர் எளிய எண்ணிக்கை எடுங்கள். கிடங்கில் ஏற்றி முடிந்ததும் அங்கே அதே எண்ணிக்கை எடுங்கள். அறிக்கையின் அடிவரியில் வரும் மொத்தத்தையும் அதோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துவந்தால்தான் அறிக்கை வெளியே போக வேண்டும். ஒத்துவராவிட்டால் அறிக்கையை நிறுத்தி, நிறுத்தப்பட்டது என்று சொல்ல வேண்டும். பழைய எண்ணைக் காட்டி ஒப்பேற்றக் கூடாது. ஆய்வகங்களிலிருந்து வந்த வரிகளையும் போய்ச் சேர்ந்த வரிகளையும் தினமும் இப்படி எண்ணிப் பார்த்திருந்தால், இங்கிலாந்தில் அந்தத் தாள் நிரம்பிய முதல் நாளே தெரிந்திருக்கும்.

இடையில் மனிதக் கை பட்டு எக்செல்லில் ஏறி இறங்கும் இடங்கள்தான் இதில் பலவீனமானவை. 2008 நிதி நெருக்கடியின்போது பெரிய வங்கிகள் பலவற்றால், இன்ன நிறுவனம் விழுந்தால் நமக்கு மொத்தம் எவ்வளவு போகும் என்ற கேள்விக்கு விரைவாக விடை சொல்ல முடியவில்லை. தரவு இல்லாததால் அல்ல, அது துண்டு துண்டாக வெவ்வேறு அமைப்புகளில் கிடந்ததால். அதன் பிறகு பாசெல் வங்கி மேற்பார்வைக் குழு 2013 ஜனவரியில், இடர் தரவைத் திரட்டி அறிக்கையாக்குவதற்கென்றே பதினான்கு கோட்பாடுகளை வெளியிட்டது. இந்திய ரிசர்வ் வங்கி அதற்கும் முன்னால், 2010-லேயே, வங்கிகளின் கணினியிலிருந்து தனக்கு வரும் அறிக்கைகள் கைபடாமல் நேரடியாக வர வேண்டும் என்று ஓர் அணுகுமுறை ஆவணத்தை வெளியிட்டிருந்தது. அறிக்கை என்பது அலுவலக எடுபிடி வேலை என்ற எண்ணம் மாறத் தொடங்கியதன் அடையாளங்கள் இவை.

இந்த எண்ணம் மாறாத இடத்தில் மனிதர்கள் நசுங்கிப்போனதற்கும் சான்று உண்டு. பிரிட்டன் அஞ்சல் துறை 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு அமைப்பைக் கொண்டுவந்தது, அதை உருவாக்கியது ஃபுஜிட்சு நிறுவனம். கிளை நடத்துபவர்களின் திரையில் கையிருப்பு குறைகிறது என்று காட்டும். குறையை அவர்கள் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். கட்ட முடியாதவர்கள்மீது திருட்டு, பொய்க்கணக்கு வழக்குகள் பாய்ந்தன. 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். கிளைக்காரருக்குத் தெரியாமல் வெளியிலிருந்து அந்தக் கணக்கில் கைவைக்கவே முடியாது என்று அஞ்சல் துறை சொல்லிவந்தது. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அது உண்மையல்ல என்று தீர்த்தது. அமைப்பில் பிழைகள் இருந்தன, அவற்றுள் சில ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே கிடந்தன என்றும் தீர்ப்பு சொன்னது. 2024-இல் தண்டனைகளை மொத்தமாக நீக்க நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

கணினி காட்டும் எண்ணை எதிர்த்து ஒருவர் வாதாட வேண்டுமென்றால், அந்த எண் எப்படி வந்தது என்பதை அவர் கண்ணால் பார்க்க வழி இருக்க வேண்டும். எந்தப் பதிவு, யார் போட்டது, எப்போது மாற்றியது, மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது. இந்தியாவில் நிறுவனச் சட்டத்தின் கணக்கு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அந்தப் பதிவை அணைத்து வைக்க முடியாதபடி இருக்க வேண்டும். அது ஆண்டு முழுவதும் இயங்கியதா என்று ஆடிட்டர் தம் அறிக்கையில் சொல்ல வேண்டும். சிறு நிறுவனங்கள் பல இதைக் கூடுதல் சுமையாகப் பார்க்கின்றன. பெரும்பாலான மென்பொருள்களில் மாற்றங்கள் தரவுத்தளத்துக்கு உள்ளேயும் நடக்கலாம், நிர்வாகியின் கடவுச்சொல் வைத்திருப்பவர் மென்பொருளைத் தொடாமல் நேரே அட்டவணையில் கைவைக்கலாம் என்பதை யோசித்தால், இந்த விதியின் நியாயம் புரியும். அறிக்கை அமைப்பை நிர்வகிப்பவரிடம் மூலத் தரவை மாற்றும் உரிமை இருக்கவே கூடாது, படிக்கும் உரிமை மட்டும் போதும். அது அவர்மீது உள்ள சந்தேகமல்ல, நாளை ஒரு கேள்வி எழும்போது அவருக்கும் அது பாதுகாப்பு. சம்பளம், நோயாளி விவரம், வாடிக்கையாளர் கைபேசி எண் போன்றவற்றில் யாருக்கு எந்த வரி தெரியலாம் என்பதும் தரவுத்தள மட்டத்திலேயே கட்டுப்படுத்தப்பட வேண்டும், திரையில் மறைத்தால் மட்டும் போதாது. ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தி எக்செல்லாக எடுத்துப் போய்விடுவார்கள்.

கடைசியாக, யாரும் விரும்பிச் செய்யாத ஒரு வேலை. அறிக்கைகள் பிறக்கும், சாவதில்லை. ஒருவர் ஒரு கூட்டத்துக்காகக் கேட்டார், அது தினமும் காலை ஆறு மணிக்கு மின்னஞ்சலில் போகும்படி அமைக்கப்பட்டது, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அறிக்கை போய்க்கொண்டே இருக்கிறது. பழைய வரையறையோடு ஓடும் இப்படிப்பட்ட அறிக்கைதான் ஒருநாள் யார் கையிலோ சிக்கி மூன்றாவது விற்பனை எண்ணாகக் கூட்டத்துக்கு வரும். யார் எந்த அறிக்கையை எப்போது திறந்தார்கள் என்பதை அமைப்பு பதிவு செய்து வைத்திருக்கும், அதைப் பார்த்துத் தேவையற்றதை நீக்க வேண்டும். மூன்று மாதப் பதிவை மட்டும் பார்த்து நீக்கிவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் முடிவில் ஆடிட்டருக்காக மட்டும் திறக்கப்படும் அறிக்கையும் அந்தத் திறக்கப்படாத பட்டியலில் இருக்கும். பதிமூன்று மாதங்களைப் பாருங்கள். பிறகும் உடனே அழிக்காமல், ஷெட்யூலை மட்டும் நிறுத்திவிட்டு அறிக்கையின் நிரலைக் காப்பகத்தில் வையுங்கள். வேண்டியவர் இருந்தால் போன் வரும்.